சூரியனுக்கு இன்னும் கொஞ்சம் காற்று

சூரியனைக் காணவில்லை.

ஓவிய வாத்தியார் நாற்காலி போட்டு ஏறி அலமாரியின் உச்சியைத் தடவிப் பார்த்தார். தூசிதான் கையோடு வந்தது. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்கூடத் தலையை விட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டாவது பூச்சு மஞ்சள் வண்ணம் அடித்து, மத்தியானம் காய்ந்துவிட்டதா என்று தொட்டும் பார்த்த சூரியன், திங்கட்கிழமை காலையில் இல்லை.

சூரியன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விளையாட்டு வாத்தியாரிடம் கெஞ்சி வாங்கிய பழைய கால்பந்து. ஆனால் அதை நம்பித்தான் எட்டுக் கிரகங்களும் இருந்தன.

“எங்கே போயிடப் போகுது?” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. “சாயங்காலம் மறைஞ்ச சூரியன் காலையில வந்துதானே ஆகணும்?”

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை பள்ளியின் வானவியல் மன்றத்துப் பிள்ளைகள் நாற்பது பேரும் சூரியனிலிருந்து நெப்டியூன் வரை நடப்பதாக ஏற்பாடு. புத்தகத்தில் பார்த்தால் கிரகங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் பேருந்துக்கு நிற்கிற கூட்டம் மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. அது பச்சைப் பொய். சூரியன் ஒரு கால்பந்து என்று வைத்துக்கொண்டால் பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகு இருபத்து நான்கு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வியாழன் ஒரு கோலிக்குண்டு. நெப்டியூன் ஒரு பட்டாணி, அதுவும் எழுநூறு மீட்டர் சொச்சம் தாண்டி. நடுவில் எல்லாம் வெறும் வெட்டவெளி. இதைப் பிள்ளைகள் காலால் நடந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசைக்குக் குறுக்கே தலைமையாசிரியை நின்றார். வானவியல் மன்றம் இருக்கும் அறை, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்க மிகப் பொருத்தமான அறை என்பது அவருடைய நெடுநாள் கருத்து. இந்த நடைப்பயணம் ஒழுங்காக நடந்தால் மன்றம் இருக்கலாம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் பெஞ்சு என்று சொல்லியிருந்தார். கூடவே இரண்டு நிபந்தனைகள். ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு கடைக்காரரோ வீட்டுக்காரரோ பொறுப்பு ஏற்க வேண்டும். கடைசிக் கிரகத்தில் நாற்பது பிள்ளைகளுக்கும் உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் இருக்க வேண்டும்.

வாத்தியார் அலையாய் அலைந்து எல்லோரையும் பிடித்திருந்தார். பள்ளிக்குப் பின்னால் மதில், மதிலுக்குப் பின்னால் ஆறு. அதனால் கிரகங்கள் போவதற்கு ஒரே சாலைதான், ஒரே திசைதான். அந்தச் சாலையில் தையல்காரர் செவ்வாய்க்குச் சம்மதித்தார். நெப்டியூன் தபால் நிலையத்து நிழலில் கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் சூரியன் காணாமல் போனது.

நேற்று என்ன செய்தோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். வண்ணம் அடித்தார். சாப்பிட்டார். பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய மனைவிக்குப் பைகளை வண்டியில் மாட்டிவிட்டார். தூங்கினார். சனிக் கிரகத்துக்கு அட்டையில் வளையம் வெட்டினார். இதில் சூரியன் காணாமல் போக இடமே இல்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் தொலைநோக்கி. ரொம்பத் தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரியும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவார் என்பதால் வந்த பெயர்.

விளையாட்டு வாத்தியாரிடம் இன்னொரு பந்து கேட்டுப் பார்த்தார். முதலில் கொடுத்த பந்தைக் கொண்டுவந்து காட்டினால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது. அப்படியானால் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னார்.

“வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பூமி கடுகு சைஸ்ல இருந்தா பின்வரிசைல நிக்கிற பிள்ளைக்கு என்னங்க தெரியும்? கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லா இருக்கும்ல?”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கடுகு பூமி அவர் மனதையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் காற்றடைத்த கடற்கரைப் பந்து ஒன்று இருப்பது சட்டென்று ஞாபகம் வர, போய்க் கேட்டு வாங்கி மஞ்சள் காகிதம் ஒட்டினார். கால்பந்துக்கு இரண்டு மடங்கு. கடுகுக்குப் பதில் மிளகு. பட்டாணிக்குப் பதில் கோலிக்குண்டு. எட்டுக் கிரகங்களுக்கும் புதிதாக வண்ணம்.

தூரக் கணக்கெல்லாம் மனைவியுடையது. அவள் வேறொரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாத்தியாருக்கு வானம் பிடிக்கும், வண்ணம் பிடிக்கும். பூஜ்ஜியங்கள் நான்குக்கு மேல் போனால் மட்டும் தலை சுற்றும். “சூரியன் இரண்டு மடங்குன்னா தூரமும் இரண்டு மடங்கு” என்று அவள் வெங்காயம் நறுக்கியபடியே சொன்னாள். “நெப்டியூன் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னாடி வரும்.”

வாத்தியாருடைய அளவுகோல் சைக்கிள். பின்சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டே மிதிப்பார். வழியில் யாராவது வணக்கம் சொன்னால் எண்ணிக்கை மறந்துவிடும், திரும்பப் பள்ளி வாசலுக்கு வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்று மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். நான்காவது முறை யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே போய், கணக்கு முடிந்த இடத்தில் இறங்கி நிமிர்ந்தார். ரவுண்டானாவின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார்.

போக்குவரத்துக் காவலர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளைகள் நாற்பது பேரும் ரவுண்டானாவில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள் என்ற இடத்தில் மட்டும் குறுக்கிட்டார். “உங்க கிரகம் சிக்னலுக்கு நிக்குமா சார்?”

திரும்பும் வழியில் தையல்காரரிடம் நிற்க வேண்டியிருந்தது. தூரம் எல்லாம் மாறியதால் அவர் கடைக்கு இப்போது செவ்வாய் வராது, வெள்ளிதான் வரும் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார். வீட்டில் செவ்வாய் என்று சொல்லிவிட்டேனே என்றார்.

பெரிதாக்கினால் ரவுண்டானா என்றால் சிறிதாக்கிவிடுவோம் என்று வாத்தியார் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். டென்னிஸ் பந்து. மனைவி கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. நெப்டியூன் இருநூறு மீட்டரில் ஒரு மர நிழலில் வந்து நின்றது. தையல்காரருக்கு வியாழன் கிடைத்தது. கிரகங்களிலேயே பெரியது என்று கேள்விப்பட்டதும் அவர் வாத்தியாருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொன்னார்.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைதான் நீடித்தது. டென்னிஸ் பந்து அளவுச் சூரியனுக்குப் பூமி ஒரு மணல் துகள். வாத்தியார் அதைக் கறுப்பு அட்டையின் நடுவில் வைத்து, தலைமையாசிரியையின் மேசைக்குக் கொண்டுபோனார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எங்கே என்று கேட்டார். இதோ, நடுவில், என்று வாத்தியார் காட்டினார். இன்னும் குனிந்தார். அதற்குள் மூக்கில் தூசி ஏறி ஒரு தும்மல் போட்டார்.

இருவரும் வெற்று அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெஞ்சா இருந்தா கண்ணுக்குத் தெரியும் சார்” என்றார் தலைமையாசிரியை.

வாத்தியார் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். புதன்கிழமை முடியப் போகிறது, கையில் சூரியன் இல்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகு வலிக்கென்று போன மாதம் வாங்கிய உடற்பயிற்சிப் பந்து இருக்கிறதே, அது ஆகாதா என்று கேட்டாள். வாங்கிய நாள் முதல் அவள் அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. முதுகு வலிப்பதாகவும் சொன்னதில்லை. அது மஞ்சள் நிறமாகவே இருந்ததில் வாத்தியாருக்கு உண்டான சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

இருவருமாகச் சேர்ந்து பம்பால் காற்றடித்தார்கள். எழுபது சென்டிமீட்டர் வந்தது. இதற்கு முன் வந்த சூரியன்கள் எல்லாம் இதன் கால் தூசிக்குக் காணாது. பூமி ஒரு சின்னப் பட்டாணி, கையில் எடுத்துப் பார்க்கலாம். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நெப்டியூன் ரெண்டேகால் கிலோமீட்டர்ல வரும்” என்றாள் மனைவி. “பிள்ளைங்க நடப்பாங்க. ஒண்ணும் ஆகாது.”

மறுநாள் காலை சைக்கிள், சிவப்புத் துணி, குனிந்த தலை. நிமிர்ந்தபோது தீயணைப்பு நிலையத்தின் வாசல். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், வானவியலில் ஆர்வம் உள்ளவர்கூட. ஆனால் மணி அடித்தால் வண்டி புறப்படும், அப்போது முன்னால் நெப்டியூன் இருக்கிறதா பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார்.

வாத்தியார் ஓடிவந்து கொஞ்சம் காற்றை இறக்கினார். சூரியன் தொப்பையைத் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டது. மேலே ஒரு பள்ளம் வேறு விழுந்தது. தள்ளி நின்று பார்த்தால் ஏதோ நோயில் கிடக்கிற மாதிரி இருந்தது. இதைப் பிள்ளைகள் முன்னால் வைத்தால் சூரிய மண்டலத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

“இறக்காதீங்க, ஏத்துங்க” என்றாள் மனைவி. “ஒரு சென்டிமீட்டர் ஏறினா நெப்டியூன் முப்பத்திரண்டு மீட்டர் நகரும். வேணும்கிற இடத்துக்கு நகர்த்திக்கலாம்ல?”

வாத்தியாருக்கு இந்த யோசனை பிரமாதமாகப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து பம்பை அழுத்தினால் சாலைக் கோடியில் ஒரு கிரகம் நகர்கிறது. இப்படி ஒரு அதிகாரம் எந்த ஓவிய வாத்தியாருக்கு வாய்த்திருக்கிறது? மூன்று சென்டிமீட்டர் ஏற்றினார். நெப்டியூன் தீயணைப்பு நிலையத்தைத் தாண்டி, ஒரு பல் மருத்துவமனையின் படியில் போய் நின்றது. டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். உட்கார இடம் உண்டு, தண்ணீர் உண்டு, வந்த கையோடு நாற்பது பேருக்கும் பல்லையும் பார்த்துவிடுவதாகச் சொன்னார். இந்தச் செய்தி எப்படியோ பள்ளிக்கு வாத்தியாருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அன்று மாலைக்குள் நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொரு பேருக்குச் சனிக்கிழமை காய்ச்சல் வரும் என்று தெரிந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் காத்து” என்றாள் மனைவி.

பம்பை அவளே வாங்கி அழுத்தினாள். நாடாவைச் சுற்றிவைத்து அளந்தாள். இரண்டு முறை அழுத்தினாள், மறுபடி அளந்தாள். அரைச் சென்டிமீட்டருக்கு அவள் காட்டிய அக்கறையைப் பார்த்து வாத்தியாருக்கு மனம் நெகிழ்ந்தது. தன் மன்றத்துக்காக இப்படிப் பாடுபடுகிறாளே என்று நினைத்துக்கொண்டார். எழுபத்தைந்தில் நிறுத்தினாள். இப்போது எங்கே வருகிறது என்று அவர் கேட்டதற்கு, போய்ப் பாருங்களேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் போய்ப் பார்த்தார். துணி ஆயிரத்துச் சொச்சம் முறை மேலே வந்து இறங்கியது. எண்ணிக்கை முடிந்தது. இறங்கினார். தலையை நிமிர்த்தினார்.

பச்சை இரும்புக் கேட். அதற்குப் பின்னால் நாற்பது பேர் தாராளமாக உட்காரக்கூடிய முற்றம், ஒரு பெரிய வேப்பமரம். மாமனார் வீடு.

வாத்தியார் அந்தக் கேட்டைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. மாமனார் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். ஆயுள் முழுக்க எதிரே நிற்பவன் பொய் சொல்கிறான் என்ற எண்ணத்தோடே வேலை பார்த்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை, வாத்தியார் தம் தொலைநோக்கியை இதே முற்றத்தில் நிறுத்தி அவருக்குச் சனிக் கிரகத்தைக் காட்டினார். வளையத்தோடு அது அத்தனை அழகாகத் தெரிந்தது. மாமனார் ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். பிறகு குழாயின் முனைக்குப் போய் விரலால் சுரண்டினார். உள்ளே படம் ஒட்டியிருக்கிறது என்றார். இல்லை என்றார் வாத்தியார். மருமகன் வரைகிற ஆள்தானே, எனக்குத் தெரியாதா என்றார் மாமனார். பேச்சு முற்றி, பரிசோதகர் புத்தி போகுமா என்று வாத்தியார் வாயை விட்டார். இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மனைவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவாள். போய் வந்து எதுவும் பேசமாட்டாள். அந்த மௌனம் வீட்டில் ஒரு மேசை மாதிரி கிடந்தது. சுற்றிச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார். இன்னும் காற்று அடி என்றார்.

“முடியாதுங்க. இந்தப் பந்து எழுபத்தஞ்சுதான் தாங்கும். பந்து மேலேயே போட்டிருக்கு. அதுக்கு மேல அடிச்சா வெடிச்சிடும்.”

“கணக்கைத் திரும்பப் போட்டுப் பாரு.”

“கணக்குல நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?” என்றாள் அவள். உண்மைதான். அவள் கணக்கில் பொய் சொன்னதே கிடையாது.

அன்று பள்ளியில் மன்றத்து அறையில் தனியாக உட்கார்ந்தார். கூரை முழுக்க அவரும் பிள்ளைகளும் சேர்ந்து வரைந்த நட்சத்திரங்கள். கட்டைவிரலில் வெள்ளை வண்ணத்தைத் தொட்டு ஒவ்வொருவரும் ஒன்று வைத்தார்கள். குட்டையான பிள்ளைகளை அவரே தூக்கிப் பிடித்தார். வாசலில் இப்போதே இரண்டு உடைந்த பெஞ்சுகள் வந்து சாய்ந்து நின்றன. நட்சத்திரத்துக்குக் கீழே பெஞ்சு அடுக்குவதைவிட மாமனாரிடம் தலையைக் குனிவது மேல் என்று எழுந்தார்.

வழியில் தையல்காரருக்குப் புதன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “வியாழன்ல இருந்தவனைச் சூரியன்கிட்டயே தள்ளிட்டீங்களே சார். நாளைக்குப் பொசுக்கிடுவீங்களா?”

நெப்டியூன் அவர் சட்டைப் பையில் இருந்தது. கோலிக்குண்டைவிடப் பெரிய மரக் குண்டு, ஆழ்ந்த நீலம், மூன்று பூச்சு. பச்சைக் கேட்டின் முன்னால் நின்று, சொல்ல வேண்டியதை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தார். கேட்டைத் தொடுவதற்குள் மாமனாரே வந்து திறந்துவிட்டார்.

“வாங்க மாப்பிள்ளை.”

வாத்தியார் முணுமுணுத்து வைத்திருந்த அத்தனையும் மறந்துபோனது. நெப்டியூனை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“மாமா, இது வந்து... நெப்டியூன். இங்கேதான் வருது. நான் வேணும்னு கொண்டுவரல, கணக்கு அப்படி. நாளைக்குப் பிள்ளைங்க நாற்பது பேர்...”

“உட்காரட்டும். மரத்தடியைப் பெருக்கியாச்சு. டம்ளரும் கழுவிக் கவுத்து வெச்சிருக்கேன்” என்றார் மாமனார். டிக்கெட் வாங்கிப் பார்ப்பது போல நெப்டியூனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எதையும் சந்தேகப்படாமல் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று வாத்தியார் எதிர்பார்க்கவில்லை. மூன்று வருடப் பகை முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மெல்ல ஆரம்பித்தார். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் குழாயை நாளைக்குக் கொண்டுவாருங்கள், பொழுது சாய்ந்ததும் இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன், உள்ளே படம் இருந்தால் அப்புறம் பேசிக்கொள்வோம் என்றார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு துடைத்தார்.

எப்படியோ தற்செயலாக எல்லாம் கூடிவந்துவிட்டது என்றார் அவர். அந்தச் சூரியன் மட்டும் தொலையாமல் இருந்திருந்தால் நெப்டியூன் தபால் நிலையத்தோடு நின்றிருக்கும், இந்தப் பக்கம் அவர் வந்தே இருக்கமாட்டார். எல்லாம் நல்லதுக்குத்தான்.

மாமனார் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு பழைய கால்பந்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க மாப்பிள்ளை, உங்க சூரியன். நெப்டியூனோட நீங்க வாசலுக்கு வர்ற அன்னிக்குக் கொடுக்கச் சொல்லி ஞாயித்துக்கிழமையே கொண்டுவந்து வெச்சுட்டா. பையை வண்டியில மாட்டிவிட்டதே நீங்கதானாமே?”